ஓர் அடி ஸ்கேலும் அகத்தியரும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாசியில் ஒருநாள் ராத்திரி. செங்கோட்டையில் கரண்ட் போயிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வைக்கோல் லோடு ஏற்றிய லாரி ஒன்று, மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு டீ குடிக்கலாம் என்று ஓரம் கட்டி நின்றது. டிரைவர் கிளாஸைக் கையில் வாங்கியவர், அண்ணாந்து பார்த்தபடி குடிக்க மறந்துவிட்டார்.

"செவ்வாய்க்கெல்லாம் ராக்கெட் விடுறாங்களே, இத்தனை நட்சத்திரத்துல எதுலயும் முட்டாதா?"

"வாத்தியார்ட்ட கேளுங்க அண்ணாச்சி" என்று என்னைக் கைகாட்டிவிட்டார் கடைக்காரர்.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். பிறை நிலாவின் வளைவுக்குள் ஒரு நட்சத்திரத்தை வரையாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் இருப்பது நிலாவின் இருண்ட பாதி. அதை ஊடுருவி எந்த நட்சத்திரமும் தெரியாது. ஆனாலும் நம் மனதில் நிலாவும் கோள்களும் நட்சத்திரங்களும் ஒரே கூரையில் ஒட்டிய ஜிகினாதான்.

கடைக்காரர் மகள் எமர்ஜென்சி லைட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓர் அடி ஸ்கேலை வாங்கி பெஞ்சில் வைத்தேன். பூச்சியத்தில் சூரியன். இந்தக் கணக்கில் அது ஒரு தலைமுடியின் தடிமன்தான், பென்சில் புள்ளியே அதைவிடப் பெரிது. ஒரு சென்டிமீட்டர் கோட்டில் பூமி, அதாவது நிஜத்தில் 15 கோடி கிலோமீட்டர். ஒன்றரையில் செவ்வாய், ஐந்தைத் தாண்டியதும் வியாழன், ஒன்பதரையில் சனி, பத்தொன்பதில் யுரேனஸ். முப்பதில் நெப்டியூன். ஸ்கேல் முடிந்தது, கோள்களும் முடிந்தன. செவ்வாய்க்குப் போகும் ராக்கெட் கடப்பது இதில் அரை சென்டிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இந்த பெஞ்சின் மறுமுனைக்குத்தான் வந்திருக்கும்.

"சரி சார், முதல் நட்சத்திரம் எங்க?"

சூரியனை விட்டால், வெறும் கண்ணுக்குத் தெரிவதில் நமக்கு மிக அருகில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தெரியும். 4.3 ஒளியாண்டு தூரம். ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம், ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர். நம் ஸ்கேல் கணக்கில் ஆல்ஃபா சென்டாரி பெஞ்சிலிருந்து 2.7 கிலோமீட்டர். அதை ஒட்டி இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரம் ஒன்றை விட்டால், நடுவில் வேறு ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. ராக்கெட் முட்டுவதற்கு என்ன இருக்கிறது? இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ் ஐந்தரை கிலோமீட்டரில், கிட்டத்தட்ட குற்றாலத்தில்.

அன்றைக்கு ரோகிணி. நிலாவை ஒட்டியே சிவப்பாக அந்த நட்சத்திரம் தெரிந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். என் பாட்டி மலையாளத்துக்காரர்கள் மாதிரியே நட்சத்திரத்தை "நாள்" என்றுதான் சொல்வார். "இன்னைக்கு என்ன நாள்?" என்றால், நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். நிலாவிலிருந்து ஒளி நமக்கு வர ஒன்றேகால் விநாடி. ரோகிணியிலிருந்து வர 65 வருடம். ஸ்கேலில் அது புனலூரைத் தாண்டி இருக்கும், நிலாவோ பூமியின் கோட்டோடு கோடாக. பஞ்சாங்கம் திசையைத்தான் சொல்கிறது. திசை சரி, தூரம் அதன் வேலை இல்லை.

கல்யாணத்தில் பார்க்கும் அருந்ததி? சுமார் 80 ஒளியாண்டு. திருநெல்வேலிக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகைக் கூட்டம் 440, திருச்சியைத் தாண்டிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அகத்தியர். எங்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் தெற்கே பொதிகை. தை, மாசியில் இரவு ஒன்பது மணியை ஒட்டி அகத்திய நட்சத்திரமும் நேர் தெற்கில், அந்த மலைக்கு மேலே வந்து நிற்கும். சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது. குறுமுனி என்கிறோம், ஆனால் குறுக்களவில் சூரியனைப் போல எழுபது மடங்குக்கு மேல். 310 ஒளியாண்டு தூரம். பூலித்தேவர் குழந்தையாக இருந்த காலத்தை ஒட்டிக் கிளம்பிய வெளிச்சம்தான் அன்று டீ கிளாஸில் விழுந்தது. ஸ்கேல் கணக்கில் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். "திருச்சூர் பக்கம்" என்றேன்.

"யார் சார் போய் அளந்தா?"

கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் இடம் மாறும். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. அவைதான் இரண்டு கண்கள். ஸ்கேலில் இரண்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டர். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு பல கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1838-ல் ஜெர்மானியர் பெசல் இதைச் சாதித்தார். 2013-ல் ஏவிய கயா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை இப்படி அளந்தது. திருவாதிரை மட்டும் இன்னும் சண்டித்தனம் செய்கிறது. அது உப்பிக் கொதிக்கும் நட்சத்திரம். அதன் வட்டமே நாம் அளக்க வேண்டிய நகர்வைவிடப் பெரிதாக இருக்கிறது. 500 ஒளியாண்டு என்பவர்களும் உண்டு, 700 என்பவர்களும் உண்டு.

வெறும் கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாமே நம் பால்வீதியைச் சேர்ந்தவை, அதிலும் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். பால்வீதியின் நடு மையம் மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்துத் திசையில், 26,000 ஒளியாண்டு தள்ளி. ஸ்கேலில் 16,000 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவே 12,700தான், ஆக நம் கணக்குக்கு இனி ஊர் கிடையாது.

டிரைவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"என் லோடு திருச்சூருக்குத்தான் சார். விடியறதுக்குள்ள அகத்தியரைப் பார்த்துருவேன்."

லாரி ஆரியங்காவு பக்கம் திரும்பியது. அந்தப் பெண் ஸ்கேலைத் திருப்பிக் கேட்டாள்.