காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மதுரை மாவட்டத்துத் தாலுகா அலுவலகங்களில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் ரெக்கார்டு ரூமில் போனது. ரெக்கார்டு ரூம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கட்டிடத்தின் பின்பக்கம், ஜன்னல் சரியாகச் சாத்தாத ஓர் அறை, கூரை வரைக்கும் சிவப்புத் துணியில் கட்டின கோப்புக் கட்டுகள், நுழைந்ததும் அந்துருண்டை வாசனை. எனக்கு அங்கே மாற்றல் போட்டபோது, "என்னம்மா, யாரையும் பகைச்சுக்கிட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. எனக்கோ அந்த அறை பிடித்துப் போய்விட்டது.

உள்ளூர் அலுவலகங்களில் இருக்கிற பதிவேடுகளை எப்படித் தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள். காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதையே இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1997-இல், தமிழ்நாடு சொந்தமாக ஒரு சட்டம் போட்டது. ஆனால் அதில் "இதைத் தர வேண்டாம், அதைத் தர வேண்டாம்" என்று விலக்குகளே நீளமாக இருந்ததால் ஜனங்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. 2005-ஆம் வருடத்துச் சட்டம் அப்படியில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: அலுவலகத்தில் இருக்கிற தகவலைத்தான் கொடுப்பார்கள். இல்லாததைப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்கக் கடமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. "ஏன் ரோடு போடவில்லை" என்பதற்கு எந்த அலமாரியிலும் பதில் இருக்காது. ரோட்டுக்கான மதிப்பீடு இருக்கும், வேலை உத்தரவு இருக்கும், முடிந்த வேலையை அளந்து எழுதுகிற எம்.புக் என்கிற அளவுப் புத்தகம் இருக்கும்.

இதெல்லாம் தெரிந்த நானே ஏமாந்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம். ஓய்வு பெற்ற மறு வருடம், ஐப்பசி மாதம், தம்பி போன் பண்ணினான். "அக்கா, இம்புட்டு மழை பேஞ்சும் கண்மாய்க்குப் பொட்டுத் தண்ணி வரல. வரத்துக்கால்வாயவே காணோம்க்கா."

"காணோம்னா?"

"காணோம்தான். பிளாட்டுக் கல்லு ஊண்டியிருக்காய்ங்க."

எனக்கு ஆத்திரம். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கால்வாய் ஏன் தூர்ந்தது, ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை, இதற்கு யார் பொறுப்பு என்று ஒன்பது கேள்வி. போதாக்குறைக்கு அதை அனுப்பியதும் தப்பான அலுவலகத்துக்கு. சின்ன வயதில் பார்த்த கண்மாய் கடல் மாதிரி மனசில் இருந்ததால் நீர்வளத் துறைக்கு அனுப்பிவிட்டேன். நூறு ஏக்கர், அதாவது நாற்பது ஹெக்டேர், அதற்கு மேல் ஆயக்கட்டு என்கிற பாசன நிலம் உள்ள கண்மாய்தான் அவர்களுடையது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். எங்கள் கண்மாய் அறுபது ஏக்கர் பாயும், அவ்வளவுதான். நல்லவேளை, தப்பான இடத்துக்குப் போன மனுவை ஐந்து நாளைக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாற்றி அனுப்பினார்கள். ஒன்றியத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "கோரப்பட்ட விவரங்கள் வினா வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது."

இதே வரியை எத்தனை பேருக்கு நானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன்! கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது அது சாதாரண வரி. இந்தப் பக்கம் வந்து நின்று படிக்கும்போதுதான் சுருக்கென்றது.

தை மாதம் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அரைப் பக்கம். தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று: இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண், இதன் அ-பதிவேட்டு நகல், அதாவது எந்த எண் யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்று எழுதின பதிவேட்டின் நகல், அந்த நிலத்தின் எல்லையைக் காட்டுகிற புல வரைபடம், கிராம வரைபடம், கூடவே பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி. ஒன்றியத்துக்கு இன்னொன்று: ஐந்து வருடத்தில் அந்தக் கால்வாயில் நடந்த வேலைகளின் மதிப்பீடு, எம்.புக் நகல். ஒரு "ஏன்" கிடையாது.

"சர்வே எண் தெரிந்தால் நாங்கள் கேட்க மாட்டோமா" என்பீர்கள். கால்வாய்க்குப் பட்டா கிடையாது, அதனால் எண் யாருக்கும் தெரியாது. ஆனால் கால்வாயை ஒட்டி யாருக்காவது நிலம் இருக்குமே? எங்களுக்குத் தம்பியின் வயல் இருந்தது. அதன் புல வரைபடத்தை எடுத்தால், சுற்றிலும் எல்லைக்கு வெளியே பக்கத்துப் புலங்களின் எண்களை எழுதியிருப்பார்கள். அதில் ஒன்றுதான் கால்வாய். பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் இப்போது அரசின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று ரேடியோவில் சொல்ல முடியாது. அதை மட்டும் ஒரு சர்வேயரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுக் கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். பத்து ரூபாய் வில்லை கையிருப்பு இல்லை என்றார் ஸ்டாம்ப் விற்கிறவர். இரண்டு ரூபாய் வில்லை ஐந்து வாங்கி வரிசையாக ஒட்டினேன். தபாலில் அனுப்பின ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மனு அனுப்பியதற்கு அதுதான் நிரூபணம்.

பதிவேட்டைப் பார்வையிடலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. நகல் மட்டும்தான் கேட்க முடியும் என்று நினைக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நான் போனேன். புதிதாகச் சேர்ந்த பையன், என்னைத் தெரியாது. ஓர் இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அ-பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தான். தைத்த பக்கம் விரிந்து, மூலையெல்லாம் மடங்கி, பூச்சி அரித்த ஓட்டை ஐந்தாறு பக்கத்துக்குத் தொடர்ந்து போயிருந்தது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வந்தேன். எங்கள் எண் வந்தது. பட்டாதாரர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பரப்பு 0.31 ஹெக்டேர். கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்கிற இடத்தில், நீல மையில் ஒரே சொல்: வாய்க்கால்.

பையன் மெதுவாகக் கேட்டான், "மேடம், நீங்க டிபார்ட்மெண்டா?"

"எப்படிப்பா தெரியும்?"

"எல்லாரும் எச்சில் தொட்டுப் புரட்டுவாங்க. நீங்க ஓரத்தைப் பிடிச்சுத் திருப்புறீங்க."

பிறகு டீ வந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கர்ணம் என்கிற ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருக்கும். அதைக் காட்டு என்று கேட்பது அவர் வீட்டு அடுப்படியைக் காட்டு என்று கேட்பது மாதிரி. 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை ஒழித்த பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே 80-களில் யூ.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் அ-பதிவேட்டைப் புதிதாக எழுதினார்கள். நம் பக்கத்துப் பட்டாத் தகராறுகளில் ஏகப்பட்டது அப்போது எழுதியதில் விழுந்த பிழைதான். ஆகவே அதற்கு முந்தைய நிலவரம் வேண்டுமென்றால் "பழைய ரெக்கார்டு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். செட்டில்மென்ட் பதிவேடு என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பாருங்கள், மறுபடியும் அங்கேயே வந்துவிட்டேன்.

ஒன்றியம்? முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். முப்பத்து நான்காம் நாள் கடிதம் வந்தது, இருபத்து மூன்று பக்கம், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் நாற்பத்தாறு ரூபாய் கட்டுங்கள் என்று. கெடு தாண்டினால் நகல் இலவசம், அதுவும் சட்டம்தான். அதைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். "அத்தை, நாப்பத்தாறு ரூபாய்க்கு ரெண்டு பக்கம் எழுதுறீங்களே" என்று மருமகள் சிரித்தாள். சிரிக்கட்டும். நகல் வந்தது. எம்.புக்கில் கால்வாய் தூர்வாரிய நீளம் 410 மீட்டர். தம்பி டேப்பைப் பிடித்து நடந்தான். 150 மீட்டரில் புளிய மரம், அதற்கப்புறம் பிளாட்டுக் கல்.

பசலி என்கிற வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கும். அதற்கு முன்னால் மே, ஜூனில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும், கிராமக் கணக்குகளையெல்லாம் அங்கே கொண்டுவந்து வைத்துத் தணிக்கை செய்வார்கள். அன்றைக்கு மனு கொடுத்தேன், இணைப்பு இருபத்து மூன்று பக்கம், கூடவே அ-பதிவேட்டு நகல். ஆவணியில் சர்வேயர் வந்தார். பிளாட்டுக் கல்லைப் பிடுங்கியாயிற்று. ஆனால் புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையும் கால்வாய்க்குள் வந்தது. யாருடையது என்கிறீர்கள்? எங்கள் சித்தப்பா மகனுடையது. அது இன்னும் அங்கேதான் நிற்கிறது. மதினி என்னோடு பேசுவதில்லை. போன மாதம் ஒரு காதுகுத்தில் எனக்கு மட்டும் பாயசம் வைக்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

"கோப்பு காணவில்லை" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். கோப்புக்கு ஆயுள் உண்டு. கடித எண்ணுக்கு முன்னால் ஓ.மு. என்றிருந்தால் ஒரு வருடம், மூ.மு. மூன்று வருடம், ப.மு. பத்து வருடம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், அதை அழிக்கவே கூடாது. ஆயுள் முடிந்த கோப்பை அழித்திருந்தால் அதற்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். அழித்த கோப்புகளின் பதிவேட்டு நகலைக் கேட்டால், காணாமல் போன சில கோப்புகள் கிடைத்துவிடும். நானே பார்த்திருக்கிறேன்.

கிராமத்து நேயர்கள் தபாலுக்கே போக வேண்டாத வழி ஒன்று உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. வரவு செலவை அங்கேதான் வாசிப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள், மேலே காலி இடம் விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மதுரை மாநகராட்சி பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று இரண்டு தாள் குறித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நூறு வார்டும் மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, சொத்து வரிக்கான பதிவேட்டை உங்கள் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள், மாமன்றத் தீர்மானம் என்றால் மைய அலுவலகத்தில். அடுத்தவர்களின் சொந்த விவரத்தைக் கேட்டால் தர மாட்டார்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முப்பது நாளைக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் தொண்ணூறு நாளைக்குள் சென்னையில் தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, வில்லை ஒட்ட வேண்டாம். வணக்கம்.