உங்க தெருவுல எவ்ளோ மழை? மொட்டை மாடியில வானிலை டைரி

[திரையில்: மொட்டை மாடி, நடுவுல ஒரு உருளை டப்பா, பக்கத்துல ஒரு ஸ்கேல்]

வணக்கம் மக்களே. மழை பெஞ்ச மறுநாள் காலையில டீக்கடையில நின்னு கேட்டீங்கன்னா ஒருத்தர் நேத்து செம மழைப்பா ரோடே ஆறா ஓடுச்சுன்னுவார், இன்னொருத்தர் எங்க பக்கம் சும்மா தூத்தல்தான் சார்ன்னுவார், மேல டிவியில நுங்கம்பாக்கம் இவ்ளோ மீனம்பாக்கம் இவ்ளோன்னு நம்பர் ஓடிட்டிருக்கும். மூணுமே உண்மையா இருக்கலாம். 2015 டிசம்பர் 2 காலையில எட்டரை மணிக்கு முடிஞ்ச 24 மணி நேரத்துல நுங்கம்பாக்கத்துல 29 செ.மீ., தாம்பரத்துல 49 செ.மீ. எலக்ட்ரிக் ட்ரெயின்ல போனா ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம், ஆனா 20 செ.மீ. வித்தியாசம். 20 செ.மீ.ங்கறதே தனியா ஒரு பெரிய மழை. அப்போ உங்க தெருவுக்கு எவ்ளோன்னு எந்த டிவியும் சொல்லாது, நீங்கதான் அளக்கணும்.

மழையை மில்லிமீட்டர்ல சொல்றாங்களே, தண்ணின்னா லிட்டர்லதானே சொல்லணும்னு நிறைய பேருக்கு ஒரு டவுட் இருக்கும். பெஞ்ச தண்ணி எங்கயும் ஓடாம, பூமிக்குள்ள இறங்காம, ஆவியாகாம அப்படியே தேங்கி நின்னா எவ்ளோ உயரம் நிக்கும், அந்த உயரம்தான் மழை அளவு. 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. உங்க மாடி 1000 சதுர அடின்னு வெச்சுக்கோங்க, 1 செ.மீ. மழைக்கே கிட்டத்தட்ட 930 லிட்டர் அதுல விழுது. ஒரு சிண்டெக்ஸ் டேங்க் அளவு. மழைநீர் தொட்டி கட்டினவங்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும், மீதி வீடியோவை பாக்காமலே போகலாம், போகாதீங்க.

சரி, அளக்கறதுக்கு என்ன வேணும்? வாயும் அடியும் ஒரே அகலமா, நேரா நிக்கிற டப்பா. பக்கெட் ஆகாது, அது மேல அகலம் கீழ குறுகல். குடம் சுத்தமா ஆகாது. நேரான டப்பான்னா வெளிய வெச்சுட்டு காலையில ஸ்கேலை உள்ள விட்டு பாத்தா முடிஞ்சுது. ஆனா 2 மி.மீ. 3 மி.மீ. மாதிரி சின்ன மழையை ஸ்கேல்ல படிக்கறது கஷ்டம், அதுக்கு நான் சொல்ற வழி புனல். வாய் விட்டம் சரியா 16 செ.மீ. இருக்கற புனலா பாத்து வாங்கி ஒரு கேனுக்கு மேல சொருகிடுங்க. 16 ஏன்னா, அதோட பரப்பு கணக்கு போட்டா 200 சதுர செ.மீ.க்கு வந்து நிக்கும், அப்போ கேன்ல விழுந்த ஒவ்வொரு 20 மில்லியும் 1 மி.மீ. மழை. 340 மில்லி இருந்தா 17 மி.மீ., அவ்ளோதான், கால்குலேட்டர் வேண்டாம். வானிலை துறை வெக்கிற ஃபைபர் மழைமானியிலயும் இந்த 200 சதுர செ.மீ. வாய் சைஸ் உண்டு. அளந்து ஊத்த சிரப் பாட்டில் மூடியில கோடு போட்டிருப்பாங்க பாருங்க, இல்லன்னா மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் கேளுங்க, அது இன்னும் துல்லியம். புனலோட விளிம்பு ரொம்ப தாழ்வா இருந்தா விழுற துளி தெறிச்சு வெளிய போயிடும், அதனால ஓரம் கொஞ்சம் செங்குத்தா உயர்ந்து நிக்கிற மாதிரி பாத்துக்கோங்க.

[திரையில்: தண்ணி டேங்க், கைப்பிடிச்சுவர், டப்பா மூணுக்கும் நடுவுல தூரத்தை காட்டும் கோடுகள்]

எங்க வெக்கறதுங்கறதுலதான் பாதி பேர் கோட்டை விடறாங்க. மாமரத்தடியில வெச்சா மழை நின்னப்புறமும் இலை சொட்டிக்கிட்டே இருக்கும், அதையும் சேத்து எழுதிடுவீங்க. டேங்க் ஓரமா வெச்சா சாரல் ஒரு பக்கம் மறைஞ்சிடும். பக்கத்துல இருக்கற பொருள் எவ்ளோ உயரமோ அதுக்கு ரெண்டு மடங்காவது தள்ளி வைங்க. தரையில திறந்த இடம் இருந்தா அதுதான் பெஸ்ட், மாடியில காத்து ஜாஸ்திங்கறதால துளி புனலை தாண்டி பறந்துடும், அளவு கொஞ்சம் கம்மியாவே வரும். ஆனா சிட்டியில யாருக்கு வீட்டு முன்னாடி தோட்டம் இருக்கு சொல்லுங்க, மாடியே போதும், எப்பவும் அதே இடம்னு மட்டும் வெச்சுக்கோங்க.

இப்போ நேரம். காலையில எட்டரை மணி. நாடு முழுக்க வானிலை துறை மழை கணக்கை முடிக்கற நேரம் அது, உலக நேரப்படி அதிகாலை 3 மணி. நேத்து எட்டரையில இருந்து இன்னைக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சது எல்லாமே இன்னைக்கு தேதியில ஏறும். நேத்து சாயங்காலம்தானே பெஞ்சுதுன்னு நேத்து தேதியில போட்டீங்கன்னா உங்க டைரியும் அவங்க கணக்கும் ஒட்டவே ஒட்டாது. 2023-ல காயல்பட்டினத்துல 95 செ.மீ. கொட்டுச்சே, அதுல பெரும்பகுதி ஞாயித்துக்கிழமை 17-ஆம் தேதி பெஞ்சது, ரெக்கார்டுல இருக்கறது டிசம்பர் 18. ஆபீஸ் போறவங்களுக்கு எட்டரை கஷ்டம்னா ஏழு மணிக்கு எடுங்க, ஆனா தினமும் அந்த ஏழுதான், அதை முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிடுங்க.

இதைவிட முக்கியமான ஒண்ணு, மழை இல்லாத நாளும் எழுதணும். மே மாசம் முழுக்க வெறும் பேப்பரா விட்டுட்டு ஐப்பசியில வந்து ஆரம்பிக்கறவங்கதான் ஜாஸ்தி. காலியா கிடக்கற கட்டத்தை ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா அன்னைக்கு மழையே இல்லையா இல்ல நீங்க பாக்கவே இல்லையான்னு யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மழை இல்லன்னா 0.0 போடுங்க. தரை நனைஞ்சுது ஆனா கேன்ல அளக்கற அளவுக்கு இல்லன்னா 'துளி'ன்னு எழுதுங்க, அது சைபர் கிடையாது. ஊருக்கு போயிட்டீங்கன்னா திரும்பி வந்து மூணு நாள் சேத்துன்னு ஒரே நம்பரா போடுங்க, மூணால வகுத்து மூணு நாளுக்கு பங்கு வெக்காதீங்க ப்ளீஸ். வானிலை துறை கணக்குல ஒரு நாளை மழை நாள்னு சொல்ல குறைஞ்சது 2.5 மி.மீ. பெஞ்சிருக்கணும், நீங்க பங்கு வெச்சா இல்லாத மழை நாள் எல்லாம் முளைச்சிடும்.

வெயில் விஷயத்துக்கு வருவோம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, அதிகபட்சம் குறைஞ்சபட்சம் ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கற மாதிரி வாங்குங்க. நேரா வெயில் படக்கூடாது, நமக்கு வேண்டியது காத்தோட சூடு, பிளாஸ்டிக்கோட சூடு இல்ல. வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் வடக்கு பாத்த செவுத்துல மாட்டுங்கன்னு சொல்வாங்க, அவங்க ஊருக்கு அது சரி. நம்ம சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியில சூரியன் நம்ம தலைக்கு மேல வந்து அப்படியே வடக்க தாண்டிடும், ஆகஸ்ட் நடுவுலதான் திரும்பி வரும். அதாவது கத்திரி வெயில் மொத்தமும் மதிய சூரியன் வடக்கு பக்கம். அந்த செவுத்துல மாட்டினா வெயில் அடிக்கற மாசத்துலதான் உங்க மீட்டர் உங்களை நல்லா ஏமாத்தும். எல்லா பக்கமும் காத்து போற, மேல நிழல் இருக்கற வராண்டா மாதிரி இடம்தான் நமக்கு. வெள்ளை பெயின்ட் அடிச்ச, ஜன்னல் பலகை மாதிரி இடைவெளி விட்ட மரப்பெட்டி செஞ்சு, தரையில இருந்து நாலு அடி உயரத்துல நிறுத்தினீங்கன்னா சூப்பர், வானிலை நிலையத்துல இருக்கறதும் அதேதான்.

சில போன்ல காத்தழுத்தம் காட்டற சென்சார் இருக்கும். அதை வெச்சு ஒரு காமெடி நடக்கும். காலையில பத்து மணிக்கு பாப்பாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு பாத்தா குறைஞ்சிருக்கும், உடனே ஃபேமிலி குரூப்ல 'புயல் வருது'. நம்ம மாதிரி வெப்ப மண்டல ஊர்ல அழுத்தம் தினமும் ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கும், பத்து மணி வாக்குல உச்சம், நாலு மணி வாக்குல குறைவு, காலையும் அப்படித்தான் ராத்திரியும் அப்படித்தான். அதனால இன்னைக்கு பத்து மணியை நேத்து பத்து மணியோட மட்டும் ஒப்பிடுங்க. அப்படி பாத்தும் தொடர்ந்து குறைஞ்சுட்டே போச்சுன்னா அப்போ வானிலை அறிக்கையை திறந்து பாருங்க.

காத்துக்கு மீட்டர் கூட வேண்டாம். எந்த திசையில இருந்து வருதோ அதுதான் காத்தோட பேர், வடக்க இருந்து வந்தா வாடை, கிழக்கன்னா கொண்டல். சென்னைக்காரங்க தினமும் ஒரு நேரம் குறிச்சு வைங்க, கடல் காத்து எத்தனை மணிக்கு உள்ள வந்துச்சுன்னு. மே மாசத்துல அது பன்னெண்டு மணிக்கு வந்தா அன்னைக்கு தப்பிச்சோம், மூணு மணி வரைக்கும் வரலன்னா தெர்மாமீட்டர் எங்க போய் நிக்குதுன்னு உங்க டைரியே சொல்லும். டைரியில எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டமே கடைசியில இருக்கற குறிப்புதான். பனி மூட்டம், இடி எத்தனை மணிக்கு, தெருவுல தண்ணி எந்த படி வரைக்கும் ஏறுச்சு. எந்த ஆப்லயும் இது கிடைக்காது. அணு கொள்கை சொன்ன ஜான் டால்டன் 1787-ல வானிலை டைரி ஆரம்பிச்சு 1844-ல சாகற வரைக்கும் எழுதினார், கடைசி பதிவு கொஞ்சம் மழைன்னுதான் இருக்கும். விஞ்ஞானின்னு பேர் வாங்கறதுக்கு முன்னாடி தொட்ட பழக்கம் அது.

[திரையில்: ஒரு பக்க நோட்டு, ஆறு கட்டம்]

ஆட்டோமேட்டிக் ஸ்டேஷன் வாங்கிடலாமான்னு தோணும். வாங்கலாம், தப்பில்ல, மழை எத்தனை மணிக்கு எவ்ளோ வேகத்துல பெஞ்சுதுன்னு அதுலதான் தெரியும். ஆனா அதுக்குள்ள சீசா மாதிரி ஒரு குட்டி வாளி இருக்கும், நிறைஞ்சா சாயும், சாயறதை எண்ணித்தான் மழை கணக்கு. ஐப்பசி அடைமழையில அது சாயற நேரத்துல விழுற தண்ணி எண்ணிக்கையில வராம போயிடும், அதனால கம்மியா காட்டும். போதாக்குறைக்கு எறும்பு, சிலந்தி வலை, காக்கா எச்சம் எல்லாம் புனல் ஓட்டையில அடைச்சுக்கும், வெளிய கொட்டுது, போன்ல சைபர் காட்டும். பக்கத்துலயே நம்ம இருபது மில்லி கேனையும் வைங்க, ரெண்டும் ஒத்துப்போகலன்னா கேனை நம்புங்க. செப்டம்பர் கடைசியில ஒரு தடவை ரெண்டையும் கழுவிடுங்க. காலையில அளந்த உடனே தண்ணியை கொட்டிடணும், அப்படியே விட்டா ஒரு வாரத்துல அது டெங்கு கொசுவுக்கு வீடு.