நேசரி பாக்கப் போறீங்களோ? முதல்ல கக்கூஸைக் காட்டச் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமா இருக்கிறீங்களோ? யாழ்ப்பாணம் கோண்டாவிலில எங்கட வீட்டு விறாந்தையில இருந்துதான் கதைக்கிறன். மகள் நேசரிக்குப் போயிட்டா. பதினொண்டரை மட்டும்தான் இந்த அமைதி. பின்னால கேக்கிறது பாண் ஓட்டோ, அது தன்ர பாட்டுக்குப் போகட்டும். வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டி எடுக்க எனக்கு நேரமில்லை.

தை மாசம் பிள்ளையைச் சேர்க்கவேணும், எந்த நேசரி நல்லம் அக்கா எண்டு கனபேர் கேட்டிருந்தனீங்கள். பேர் சொல்லமாட்டன். ஒரு ரீச்சர் மாறினாலே அந்த இடம் வேற இடமாப் போயிடும். நான் விட்ட பிழையைச் சொல்லுறன், அது உங்களுக்கு உதவும்.

தைப்பூசத்துக்கு மகளுக்கு ஏடு தொடக்கினது. ஐயர் மடியில வச்சு, விரலைப் பிடிச்சு, அரிசியில ‘அ’ எழுத வச்சவர். அவா அந்த அரிசியில ஒரு பிடி அள்ளி வாயில போட்டது வேற கதை. அதோட எங்களுக்கும் அவசரம் பிடிச்சிட்டுது. நானும் இவரும் ஸ்கூட்டியில ஏறி 5 இடம் பாத்தம். கடைசியாச் சேர்த்தது பெரிய கேற் போட்ட ஒரு இடம். பேர் வேண்டாம். சுவர் முழுக்கப் படம், ஏசி அறை, பிள்ளையளுக்கு மஞ்சள் ரை. ஒபிசில இருந்தவா அல்பம் ஒண்டு காட்டினவா: 5 வயசுப் பிள்ளையளுக்குக் கறுப்புக் கவுணும் தொப்பியும் போட்டுப் பட்டமளிப்பு. நான் கம்பசில போட்ட கவுணை விட நல்ல துணி! அதிலயே நான் விழுந்திட்டன். அட்மிஷன் காசைக் கட்டிப்போட்டுத்தான் வீட்ட வந்தனாங்கள்.

ஒரு மாசம் போச்சுது. ஒவ்வொரு நாளும் தண்ணிப் போத்தல் நான் நிரப்பிக் குடுத்தபடியே திரும்பி வருது. இந்த வெயிலுக்குத் தண்ணி குடிக்காட்டி என்ன நடக்கும் தெரியுமோ எண்டு பிள்ளையைப் பேசினனான். பிறகு முயல் படம் போட்ட, ஸ்ட்ரோ வச்ச போத்தல் ஒண்டு வாங்கிக் குடுத்தன். அதுவும் நிரம்பித்தான் வந்தது. வானால இறங்கினால் சப்பாத்தும் கழட்டாமல் நேர கக்கூசுக்கு ஓடுவா. நானும் அதைப் பெரிசா எடுக்கேல்லை, பழக்கம் எண்டு விட்டிட்டன். ஒருநாள் சலம் போகேக்க எரியுது எண்டு அழத் தொடங்கினா. டொக்டர்தான் கேட்டவர், “அங்க ரொய்லெற்றுக்குப் போறவவோ?” எண்டு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சுது. தெரியாது.

அண்டிரவு படுக்கேக்க மெல்லமாக் கேட்டன். “அங்க கதிரை பெரிசு, அம்மா. நான் உள்ளுக்க விழுந்திடுவன்.” கொமட்டைத்தான் கதிரை எண்டு சொல்லுறா. ரீச்சரைக் கேட்டால் இன்னும் ரெண்டு வரி எழுதிப்போட்டுப் போகச் சொல்லுவாவாம். ரெண்டு வரி முடியிறதுக்கிடையில இவாவுக்குப் பயம் வந்திடும். அதால தண்ணி குடிக்காமல் விட்டிருக்கிறா. 3 வயசுப் பிள்ளை, தானே யோசிச்சுக் கண்டுபிடிச்ச வழி அது.

அடுத்த நாள் போய்க் காட்டச் சொன்னன். பெரிய ஆக்களின்ர கொமட், தலைக்கு மேல பைப், இரும்புக் கதவு. கொப்பியையும் அண்டைக்குத்தான் வடிவாப் பாத்தன். ‘ட’ ஒரு பக்கம், ‘ப’ ஒரு பக்கம். கீழ போகப் போக எழுத்து நடுங்கிச் சரியுது, அதுக்கு மேல சிவப்புப் பேனையால கோடு. அந்த வயசில விரலுக்குப் பென்சிலை இறுக்கிப் பிடிச்சு எழுதுற பலம் இல்லை. மா உருட்டி, மணி கோர்த்து, கடதாசி கிழிச்சுத்தான் அந்தப் பலம் வரும். 5 இடம் பாத்த நான் ஒரு இடத்திலயும் கக்கூஸைப் பாக்கேல்லை. பிள்ளையை நிப்பாட்டினம். கட்டின காசு திருப்பித் தரேல்லை. அதை விடுங்கோ.

இப்ப போறது எங்கட ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில, சனசமூக நிலையத்தோட சேர்ந்த முன்பள்ளி. நடந்து 5 நிமிசம். கக்கூசில சின்னப் பீங்கான், பக்கத்தில பிடிக்க ஒரு கம்பி, தாழ்ப்பாள் இல்லாத அரைக்கதவு, பிள்ளை தூக்கக்கூடிய சின்னக் கோப்பை. அதைப் பாத்த உடனயே எனக்கு மனம் ஆறிச்சுது. வளவுக்க கிணறு இருக்குது, ஆனா மேல கம்பி வலை போட்டு ஆமைப்பூட்டும் போட்டிருக்கினம். யாழ்ப்பாணத்தில கிணறில்லாத வளவு எங்க இருக்குது? அதால கட்டு எவ்வளவு உயரம், வலை கறள் பிடிச்சிருக்குதோ எண்டு கையால தொட்டுப் பாருங்கோ. மழைக்காலம் தொடங்கினால் நுளம்பு, டெங்கு. பூச்சாடித் தட்டு, பழைய ரயர் கிடக்குதோ எண்டும் ஒருக்காச் சுத்திப் பாருங்கோ.

குறையும் இருக்குது, மறைக்கேல்லை. தகரக் கூரை, மழை பெய்தால் ரீச்சர் கதைக்கிறது கேக்காது. ஒரு ஃபான்தான். இங்கிலீஷ் பெரிசா இல்லை. இங்கிலீஷுக்கு நான் கவலைப்படேல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில முதலாம், ரெண்டாம் வகுப்பில வாய்ப்பேச்சாத்தான் இங்கிலீஷ் பழக்கிறது, பாடமாத் தொடங்கிறது மூண்டாம் வகுப்பில.

மாமிக்குத்தான் மனம் ஆறேல்லை. “பக்கத்து வீட்டுப் பிள்ளை 100 மட்டும் எழுதுது, இவளின்ர கொப்பியில ஒண்டுமில்லையே பிள்ளை” எண்டு பின்னேரம் பின்னேரம் கேப்பா. மாமிக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன். முதலாம் வகுப்புக்கு எடுக்கேக்க ஜனவரி 31ஆந் திகதிக்கு 5 வயசு முடிஞ்சிருக்கவேணும். வீடு எங்க இருக்குது, தாய் தேப்பன் அங்க படிச்சவையோ, அண்ணன் அக்கா அங்க படிக்கினமோ எண்டு கடிதங்களை வச்சுத்தான் புள்ளி போடுறது. எந்த நேசரி, எத்தனை எழுத்துத் தெரியும் எண்டதுக்குப் புள்ளி இல்லை. ‘எங்களிட்டப் படிச்சால் இன்ன பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும்’ எண்டு ஆரும் சொன்னால், எழுதித் தாங்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ.

பேர்ப்பலகையில மொண்டிசோரி எண்டு போட்டால் மயங்காதேங்கோ. மொண்டிசோரி அம்மா இத்தாலிக்காரி, டொக்டர். 1907இல ரோமில ஏழைப் பிள்ளையளுக்குத்தான் முதல் இடம் திறந்தவா. கதிரை, மேசை, கை கழுவுற இடம் எல்லாத்தையும் பிள்ளையின்ர உயரத்துக்குச் செய்விச்சவா. அந்தப் பேரைப் பெரிசா எழுதிப்போட்டு, உள்ளுக்க பெரிய ஆக்களின்ர கொமட் வச்சிருந்தால் என்ன சொல்லுறது?

பாக்கப் போற நேரமும் முக்கியம். 8 மணிக்குப் போனால் எல்லாரும் சிரிச்சுக்கொண்டுதான் நிப்பினம். பத்து மணிபோல, சாப்பாட்டு நேரத்தில போங்கோ. மகளின்ர இடத்தில அண்டைக்குக் கௌபி. ஒரு பெடியன் தட்டைக் கொட்டிப்போட்டு முழிச்சுக்கொண்டு நிண்டான். ரீச்சர் பேசேல்லை. ஈர்க்குக்கட்டை அவனிட்டக் குடுத்து, தானும் குந்தியிருந்து ரெண்டு பேருமாக் கூட்டிச்சினம். அந்த ரீச்சர்மாருக்குக் கிடைக்கிற கொடுப்பனவைக் கேட்டால் எங்களுக்குத்தான் வெக்கமா இருக்கும். எங்கயாவது மூலையில தடி சாத்திக் கிடந்தால் ஒண்டும் கதையாமல் வெளிக்கிட்டு வாங்கோ. பள்ளிக்கூடத்தில அடிக்கக் கூடாதெண்டு 2005இலயே சுற்றறிக்கை வந்தது. அடிச்சுப்போட்டினம் எண்டால் 1929க்கு எடுங்கோ, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை.

இன்னொண்டு, இந்த ரீச்சர் முதல் நாளே கிளினிக் கொப்பியைக் கேட்டு, 3 வயசில போடுற எம்எம்ஆர் ஊசி, அதுதான் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கான தடுப்பூசி, போட்டாச்சோ எண்டு பாத்தவா. கூட்டிக்கொண்டு போக ஆரார் வருவினம் எண்டு பேரும் எழுதினவா. ஒருநாள் இவரின்ர தம்பி போக, பேர் இல்லையெண்டு விடேல்லை. அவருக்குச் சரியான கோவம். எனக்குச் சந்தோசம்.

எழுத்து? வேப்பமரத்துக்குக் கீழ மணலைப் பரப்பி விடுவினம், பிள்ளையள் குச்சியால கீறுங்கள். மகள் ‘அ’வைத் தலைகீழாத்தான் எழுதுறா. எழுதட்டும்.

நேற்று போத்தல் வெறுமையா வந்தது. எனக்கெண்டால் பெருமை. “முழுக்கக் குடிச்சனீங்களோ குஞ்சு?” எண்டு கேட்டன். “பாதி நான் குடிச்சனான். பாதி செவ்வரத்தைக்கு ஊத்தினனான், அதுக்கும் விடாய்.” எண்டா.

சரி, 11.20 ஆச்சுது. நான் வெளிக்கிடுறன், பிந்தினால் அவா கேற்றடியில நிண்டு என்னைப் பேசுவா. வான், ஓட்டோக் கதை நிறைய இருக்குது, அதை அடுத்த வீடியோவில கதைப்பம்.