தென்னையை விட்டுவிட்டு ஆளை அகற்றிய தீவு

(தூத்தூரில் மீனவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, கடலோடும் சகோதரர்களே, வணக்கம்.

டீகோ கார்சியா என்று சொன்னதுமே, சுறாத் தூண்டிலுக்குப் போய்வந்த அண்ணன்மார் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டரில், நடுக்கடலில் கிடக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு தீவு அது. அந்தச் சாகோஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கி நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

மாலத்தீவின் தென்கோடி அட்டுவிலிருந்து நண்பரின் பாய்மரப் படகில் கிளம்பினோம். இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா பக்கம் போகிறவர்கள் நடுவழியில் நங்கூரம் போடும் இடம், சாகோஸின் சாலமன் பவளத்தீவு. பிரிட்டிஷ் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ராணுவத்தளம் இருக்கும் டீகோ கார்சியா பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

உள்ளே நுழைவதற்கு வெயில் உச்சிக்கு வரும்வரை வெளியே காத்துக் கிடந்தோம். சூரியன் சாய்ந்திருந்தால் தண்ணீர் பளபளத்து, அடியில் இருக்கும் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு, தெரியாது. நண்பர் சுக்கான் பிடிக்க, நான் படகின் முன்முனையான அணியத்தில் நின்று கைகாட்டினேன். பழுப்பு என்றால் பார், கருநீலம் என்றால் ஆழம். அப்படியே ஊர்ந்து உள்ளே போனோம்.

சாலமனைச் சேர்ந்த போடாம் தீவில் இறங்கினால் தென்னை, தென்னை, தென்னை. காய் பறிக்க ஆளில்லாத தோப்பை நம் ஊரில் யார் பார்த்திருக்கிறோம்? விழுந்த காய் விழுந்த இடத்திலேயே முளைத்து, கால் வைக்க இடமில்லை. உள்ளே கூரை போன தேவாலயம், கிணறு, கல்லறைகள். 4 கிலோ வரை வளரும் தென்னை நண்டு ஒன்று, இடுக்கியால் தேங்காய் நாரை இழை இழையாகப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அங்கே ஓர் ஊர் இருந்தது, ஐயா. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பிறகு தென்னிந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்கள், இவர்களின் பிள்ளைகள் கொப்பரை காயவைத்துப் பிழைத்தார்கள். 1965-இல் பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரீஷியஸிடமிருந்து பிரித்தது. அமெரிக்கத் தளத்துக்காக 1971-இல் டீகோ கார்சியாவைக் காலி செய்தார்கள். 1972-இல் சாலமன், 1973-இல் சாகோஸின் இன்னொரு பவளத்தீவான பெரோஸ் பான்யோஸ். 1,500 பேருக்குக் குறையாமல் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். டீகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்களை வண்டிப் புகையை விட்டுக் கொன்றார்கள். அந்தக் கல்லறைகளின் முன் நின்றபோது எனக்கு வந்தது கோபம், இன்றும் அது ஆறவில்லை.

2010-இல் அதே பிரிட்டன் அந்தக் கடலைப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து மீன்பிடியைத் தடுத்தது. சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டர்! பவளத்தைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த மண்ணின் மக்களைக் கேட்காமல் போட்ட வேலி அது. மொரீஷியஸின் உரிமையை மதிக்காமல் அறிவித்தது கடல் சட்டத்துக்கு விரோதம் என்று 2015-இல் சர்வதேச நடுவர் மன்றமே சொன்னது. நம் வட்டாரப் போட்டுகளும் அங்கே பிடிபட்டிருக்கின்றன. அபராதத்தின் கனம் இங்கே இருக்கும் குடும்பங்களுக்குத் தெரியும்.

2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தம் போட்டன. தீவுகள் மொரீஷியஸுக்கு, டீகோ கார்சியா தளம் 99 வருடக் குத்தகைக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. மற்றத் தீவுகளில் மக்களைத் திரும்பக் குடியமர்த்த மொரீஷியஸுக்கு வழி விட்டிருக்கிறார்கள். அவர்கள் போகட்டும், முதலில் அவர்கள்தான் போக வேண்டும். பிறகு அந்தக் கடலில் தூண்டில் போடும் உரிமத்தை யாரிடம் கேட்பது, நம் தூண்டில் தொழிலுக்கு அதில் இடம் உண்டா என்று நம் சங்கங்கள் இப்போதே டெல்லிக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். மனுவை எழுத நான் கூட உட்காருகிறேன்.