இரண்டு கடிதம், நான்கு அஞ்சலட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690இல் ஆங்கிலேயர் அதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடிக்குப் பெயர் வந்த கதை அதுதான்.

1746இன் கடைசியில் அந்தக் கோட்டைக்கு ஓர் இளைஞன் தப்பி வந்து சேர்ந்தான். வயது 21. நம் ஊர் ஆளைப் போல வேடம். சென்னையில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கணக்கு எழுதிய குமாஸ்தா. பெயர் ராபர்ட் கிளைவ். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் நமக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது, அன்று அவர் எதற்காக ஓடினார் என்பதை.

அந்த செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். பணம் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருவேன் என்று ஒப்புக்கொண்டார். அதை நம்பி ஆங்கிலேயரும், ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் துப்ளே அந்த உடன்படிக்கையே செல்லாது என்றுவிட்டார். உடன்படிக்கை போனால் கொடுத்த வாக்கும் போயிற்று என்றுதான் கிளைவ் தப்பி ஓடினார். அப்புறம் சென்னையின் ஆங்கிலேய ஆளுநர் மோர்ஸையும் முக்கியமான அதிகாரிகளையும் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, தெருவில் ஊர்வலமாக நடத்திக் காட்டினார்கள். இவர்களில் பலர் துப்பாக்கி தூக்கியவர்கள் இல்லை, வியாபாரக் கணக்குப் பார்த்தவர்கள். எந்த நாட்டில் பிறந்தார்கள் என்பது மட்டும்தான் அவர்கள் மேல் இருந்த குற்றம். நாம் தினமும் நடக்கிற தெருக்களில் இது நடந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. அன்று அவர்களைக் காக்க ஒரு விதியும் இல்லை. ஜெயித்தவர் கொடுத்த வார்த்தைதான் இருந்தது. அதுவும் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

விதி வர இருநூறு வருஷம் ஆனது. 1949இன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, பகைநாட்டில் அகப்பட்ட சாதாரண மக்களைப் பற்றிப் பேசுகிறது. நாட்டின் பாதுகாப்புக்கு வேறு வழியே இல்லை என்றால்தான் அவர்களை முகாமில் அடைக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒவ்வொருவர் வழக்கையும் மறுபடி பார்க்க வேண்டும். குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது: கடிதங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தாலும், ஒருவருக்கு மாதம் இரண்டு கடிதம், நான்கு அஞ்சலட்டைக்குக் குறையக் கூடாது. முகாமில் இருப்பவருக்குச் சோற்றைப் போலவே கடிதமும் வேண்டும் என்று அறிந்த யாரோ எழுதிய வரி அது.

இந்தியாவும் 1950இல் அதை ஏற்றது. ஆனாலும் 1962 சீனப் போரில் அசாமிலிருந்தும் டார்ஜிலிங் பக்கத்திலிருந்தும் சீன வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தோம். சுமார் 3,000 பேர். குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். போர் ஒரு மாதத்தில் நின்றது. கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1967இல். இதை நாம் செய்தோம் என்று சொல்லிப் பழக வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.

சரி, நம் ஊர் ஆட்களும் இப்படிப் போரில் அகப்பட்டதுண்டு. பிரெஞ்சு அரசு வேலைக்காகப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோன் நகருக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. 1945 மார்ச் 9 அன்று ஜப்பானியர் அங்கே பிரெஞ்சு ஆட்சியைக் கவிழ்த்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்களும் அந்த ஊரில்தான் இருந்தார்கள்.

அந்த வருஷங்களில் சைகோனிலிருந்து வந்த கடிதமோ அட்டையோ உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கலாம். பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். தாத்தா பாட்டியைக் கேட்டு, யார் எழுதியது, எந்தத் தெரு, எந்த வருஷம் என்று ஒரு தனித் தாளில் குறித்து, அதோடு சேர்த்து வையுங்கள்.

வணக்கம்.