மன்றோக்கள்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடலைத் தாண்டிப் போனவர்கள் அந்தக் குதிரைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். தாமஸ் மன்றோ, மதராஸ் கவர்னர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது, "குதிரையில அங்கவடி, அதான் கால் வைக்கிற வளையம், இல்ல பாத்தீங்களா? சிற்பி மறந்துட்டான், அவமானம் தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டான்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சின்ன வயதில் சொன்னார்கள். முப்பது வருஷமாக இதை மறுத்துப் பேசி வருகிறேன், ஒருவரும் கேட்பதாக இல்லை! சிற்பியின் பெயர் பிரான்சிஸ் சாண்ட்ரி. லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் குதிரைச் சிலை செய்தவர். அந்தக் குதிரைக்கும் அங்கவடி கிடையாது. ராஜாவுக்கும் மறந்தாரா? நம்மூர்ச் சிலை 1839இல் திறக்கப்பட்டது. சாண்ட்ரி 1841இல் நோய்வாய்ப்பட்டு இறந்தார், தற்கொலை இல்லை. சரி, விடுங்கள். நான் பேச வந்தது குதிரையைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி.

மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஈஸ்டர் ராஸ் சீமையின் குலப்பெயர். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. அங்கே குலத் தலைவருக்கும் ஒரே பெயர், அவர் நிலத்தில் உழுதவருக்கும் பல நேரம் அதே பெயர். ஆகவே மன்றோ என்றாலே பங்காளி என்று நினைத்துவிடக் கூடாது.

நம் தாமஸையே பாருங்கள். கிளாஸ்கோ வியாபாரி மகன். அமெரிக்க விடுதலைப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போக, 1780இல் கம்பெனிப் படையில் சேர்ந்து மதராஸில் வந்து இறங்கினார். அப்போது அந்தப் படைக்குத் தளபதி யார் தெரியுமா? இன்னொரு மன்றோ! ஹெக்டர் மன்றோ. 1764இல் பக்சாரில் வென்றவர். 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனி அதிகாரி பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்தபோது, இவர் காஞ்சிபுரத்தில் இருந்தார். பிறகு கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். 1792இல் அவருடைய மகனை கங்கை முகத்துவாரத்தில், சாகர் தீவில், புலி அடித்துக் கொன்றது. வெள்ளைக்காரனைக் கடிக்கும் திப்புவின் மரப்புலி இருக்கிறதே, கைப்பிடியைத் திருகினால் புலி உறும, கீழே கிடப்பவன் முனகுவான், அது இந்தச் சாவை மனதில் வைத்துச் செய்தது என்று பலர் கருதுகிறார்கள்.

தாமஸோ பாராமகாலில், அதாவது சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், ஊர் ஊராகச் சுற்றி நிலத்தை அளந்தவர்களில் ஒருவர். நடுவே ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்காகப் பிறகு அவர் போராடினார். 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்தார். ஒரே பெயர், ஒரே படை. ஒருவர் பீரங்கியைக் குளத்தில் போட்டார், மற்றவர் நிலத்தில் அளவைச் சங்கிலியைப் போட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள்... ஒரு நிமிடம்தான். மலைக்காரர் ஹியூ மன்றோவை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891இல் பட்டியல் போட்டவர். இன்றைய கணக்கில் 282. அந்த மலைகளுக்கே இப்போது மன்றோ என்றுதான் பெயர். அத்தனையும் ஏறி முடிக்காமலே 1919இல் இறந்தார். பர்மாவில் பிறந்த கதாசிரியர் சாகியின் இயற்பெயர் ஹெக்டர் ஹியூ மன்றோ. பாருங்கள், தளபதியும் மலைக்காரரும் ஒரே பெயரில்! 2013இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸுக்கு அது முதல் கணவர் வழி வந்த பெயர். மணமுறிவுக்குப் பிறகும் வைத்துக்கொண்டார். நடிகை மர்லினுக்கு அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஆங்கிலத்தில் அவருக்கு எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் எழுதினால் எல்லோரும் ஒரே மன்றோ அன்றோ?

வணக்கம், நேயர்களே.