லூர் மேல கிளியர் கோட் உரியுதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. “அண்ணா, மரத்துல நானே செதுக்கி பெயின்ட் அடிச்ச லூர் (மீன் பிடிக்கிற பொய் இரை). மேல கிளியர் கோட்டா, அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சா, ரெண்டு கோட் எபாக்ஸி (ரெண்டு பாகம் கலந்து இறுக வைக்கிற பிசின்) கொடுத்தேன், பளபளன்னு வந்துச்சு. ஆனா கொஞ்ச நாள்லயே வயித்துப் பக்கம், ஹூக் மாட்டுற இடத்தைச் சுத்தி வெள்ளையா பூத்து உரியுது. எபாக்ஸியை விட்டுட்டு காருக்கு அடிக்கிற டூ-கே கிளியருக்கு (அதுவும் ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற கிளியர் கோட்) மாறிடவா?”

மாறுனாலும் இதேதான் நடக்கும் தம்பி. எங்க உரியுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க. முதுகுல உரியல, ஹூக் தொங்குற இடத்துல உரியுது. கிளியர் கோட்லாம் காஞ்சதுக்கு அப்புறமா ஓட்டை போட்டு ‘ஸ்க்ரூ ஐ’, அதாவது ஹூக் மாட்டுற வளையம் வச்ச திருகாணி, அதைத் திருகியிருப்பீங்க. அந்த ஓட்டைக்குள்ள வெறும் மரம்தானே? தண்ணி அது வழியா இறங்கும், மரம் ஊறி உப்பும். மேல இருக்கிற எபாக்ஸியால அந்த அளவுக்கு விரிஞ்சு கொடுக்க முடியாது, கீறல் விடும். அப்புறம் கீறல் வழியாவும் தண்ணி.

அதனால பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடியே எல்லா ஓட்டையும் போட்டுடுங்க. லிப் (லூரோட வாய்ப்பக்கம் வர்ற தகடு) சொருகுற வெட்டு, எடைக்கு ஈயம் வைக்கிற குழி, எல்லாமே. அப்புறம் மரத்தை சீல் பண்ணுங்க. தண்ணியா இருக்கிற சூப்பர் க்ளூ போதும், ஓட்டைக்குள்ளயும் ஊற விடணும். கடைசியா அந்த ‘ஸ்க்ரூ ஐ’யைத் திருகும்போது மரையில கொஞ்சம் எபாக்ஸி தடவித் திருகுங்க.

இன்னொண்ணு, உரிஞ்ச துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பிப் பாருங்க. அடியில பெயின்ட் ஒட்டிக்கிட்டு மரநாரோட வந்திருந்தா நான் சொன்ன தண்ணி விவகாரம். துண்டு சுத்தமா, கண்ணாடித் தாள் மாதிரி வந்து, கீழ முதல் கோட் இன்னும் மின்னிக்கிட்டு இருந்தா, ரெண்டாவது கோட் பிடிக்கல. முதல் கோட் முழுசா இறுகிட்டா அது மேல அப்படியே ஊத்தக் கூடாது. 400 நம்பர் உப்புத்தாளை (தண்ணியில தேய்க்கிற வகை) தண்ணியில நனைச்சு, பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சுட்டுதான் அடுத்தது.

தேய்ச்சதும் லூரைத் துடைச்சுடுங்க, துடைச்ச பிறகு விரலால தொடாதீங்க. கை எண்ணெய் பட்ட இடத்துல எபாக்ஸி விலகி, வட்டமா குழி விழும். துடைக்க ஐசோபுரோபில் ஆல்கஹால் நல்லது. ஆனா செதிலை மார்க்கர்ல வரைஞ்சிருந்தா ஆல்கஹால் பட்டதும் கலர் கலைஞ்சு ஓடும், ஜாக்கிரதை.

எபாக்ஸில அஞ்சு நிமிஷ வகை வேண்டாம். தடவி முடிக்குறதுக்குள்ளயே இறுகிடும், சீக்கிரம் மஞ்சளும் தட்டும். 30 நிமிஷ வகை வாங்குங்க. சீக்கிரம் காயட்டும்னு ஹார்ட்னரை (இறுக வைக்கிற பாகம்) அளவுக்கு மேல ஊத்துறாங்க சிலர், அது காயாது, பிசுபிசுன்னே கிடக்கும். பேக்கெட்ல போட்ட அளவுதான். மெதுவா, ஓரமெல்லாம் வழிச்சுக் கலக்கி, தட்டையான ஃபாயில் மேல ஊத்திடுங்க. கப்புல மொத்தமா வச்சா சூடேறி சட்டுனு இறுகும். தடவின பிறகு குமிழி வந்தா ஹேர் டிரையரை தூரத்துல வச்சு லேசா காட்டுங்க, உடைஞ்சிடும். வழியறது நிக்குற வரைக்கும் லூர் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும்.

டூ-கே பத்தி கேட்டீங்க. ஃபினிஷ் அருமையா இருக்கும், மறுக்கல. ஆனா அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆபத்து, ஆஸ்துமாவே வரலாம். தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. முறையான ஸ்ப்ரே வசதி இல்லாம வீட்டுக்குள்ள அடிக்காதீங்க.

ட்ரெபிள் ஹூக் (மூணு முனை கொக்கி) ஆடி ஆடி வயித்துல வளைவா கோடு போடும் பாருங்க, அதை எந்த கிளியர் கோட்டும் தாங்காது. கோடு ஆழமாச்சுன்னா காய வச்சு, தேய்ச்சு, அந்த இடத்துல மட்டும் ஒரு பூச்சு கொடுத்துடுங்க. அப்புறம் ரப்பர் புழு, சாஃப்ட் பிளாஸ்டிக் இருக்கிற பெட்டியில இந்த லூரைப் போடாதீங்க. அதுல இருக்கிற எண்ணெய் பட்டா பெயின்ட்டும் கோட்டும் இளகி ஒட்ட ஆரம்பிச்சுடும். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.